சாணைக்கல் தேயத்தான் வேண்டும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டில் சிறு பட்டறை வைத்திருப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "உளியைத் தீட்டினால் முனை நீலமாகிவிடுகிறது. எஃகு சரியில்லையா?" எஃகைக் குறை சொல்வதற்கு முன், சாணை பிடிக்கும் கிரைண்டரில் மாட்டியிருக்கும் கல்லைப் பாருங்கள். பெரும்பாலும் அது இயந்திரத்தோடு கடையிலிருந்து வந்த சாம்பல் நிறக் கல்லாகவே இருக்கும். வெட்டிய கம்பியின் பிசிறு எடுக்கவும், வெல்டிங் மேட்டைக் கரைக்கவும் அது போதும். கருவி தீட்டுவது வேறு வேலை.

கல்லுக்குள் இருப்பவை இரண்டு: வெட்டும் மணிகள், அவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பிணைப்பு. மணி மழுங்கியதும் உடைந்து புதுக்கூர் காட்ட வேண்டும்; இல்லையென்றால் உதிர்ந்து, அடுத்த மணிக்கு இடம்விட வேண்டும். பிணைப்பு மிக இறுக்கமாக இருந்தால் மழுங்கிய மணி இடத்தை விட்டு அசையாது. அது வெட்டாமல் உரசும். உரசினால் சூடு ஏறும். எஃகு நீலமானால் அந்த இடம் ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிட்டது என்று பொருள். கார்பன் எஃகு உளி அதற்குள் தன் கடினத்தை இழந்திருக்கும்.

ஆகவே கடினமான எஃகுக்கு மணிகளை எளிதில் விடும் கல் வேண்டும். மென்மையான இரும்புக்கு இறுகப் பிடிக்கும் கல் வேண்டும். பலரும் இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டு, கடினமான எஃகாயிற்றே என்று கடினமான கல்லைத் தேடிப் போகிறார்கள்.

கல்லின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் வட்டத்தாளில் ஏ 60 கே 5 வி என்பதுபோல் ஒரு குறியீடு இருக்கும். ஏ என்றால் அலுமினியம் ஆக்சைடு. 60 என்பது மணியின் பருமன். எண் கூடக்கூட மணி நுண்மையாகும். கே என்பது பிடியின் இறுக்கம்: ஏ எழுத்தில் மிகத் தளர்வாகத் தொடங்கி, இசட் வரை இறுகிக்கொண்டே போகும். 5 என்பது மணிகளுக்கு இடையிலான நெருக்கம். வி என்பது சூளையில் சுட்ட மண்பாண்ட வகைப் பிணைப்பு.

150 மில்லிமீட்டர் விட்டமுள்ள கல் மாட்டும் கிரைண்டருக்கு நான் சொல்வது இதுதான். ஒரு பக்கம் 36 எண் சாம்பல் கல் இருக்கட்டும். மறுபக்கம் 60 அல்லது 80 எண்ணில், பிடி ஜே அல்லது கே உள்ள வெள்ளைக் கல்லை மாட்டுங்கள். டிரில் பிட், உளி, லேத் கருவி எல்லாம் வெள்ளைக் கல்லில்தான். விலை சற்றுக் கூடும், விரைவாகவும் தேயும். தேய்வதற்காகத்தான் அதை வாங்குகிறோம்.

எஃகைவிடக் கடினமான கார்பைடு என்ற பொருளால் ஆன கருவி முனைகளுக்குப் பச்சைக் கல் வேண்டும். அந்தக் கல்லின் மணி சிலிக்கன் கார்பைடு. களிமண்ணையும் கரித்தூளையும் மின்சாரத்தால் சூடேற்றி, 1891-இல் அதை உருவாக்கியவர் எட்வர்ட் அச்சிசன் என்ற அமெரிக்கர். அவர் வைத்த கார்போரண்டம் என்ற பெயர், 1954-இல் தொடங்கிய சென்னையின் கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தின் பெயரிலும் இருக்கிறது. சூடான கார்பைடு முனையைத் தண்ணீரில் முக்காதீர்கள், விரிசல் விடும். கார்பன் எஃகு உளியை அடிக்கடி முக்குங்கள்.

அலுமினியத்தையும் பித்தளையையும் இந்தக் கற்களுக்கு அருகே கொண்டுபோகவே வேண்டாம். உலோகம் மணிகளின் இடுக்கில் அடைத்துக்கொள்ளும். அதன்பின் எவ்வளவு அழுத்தினாலும் சூடுதான் மிஞ்சும். கல் உடையவும் கூடும்.

நல்ல கல்லும் நாளடைவில் முகம் பளபளத்துப் போகும். கண்ணாடிபோல் மின்னும் கல் வெட்டாது. அப்போது கல்லின் முகத்தைச் சீவிப் புதுப்பிக்கும் டிரெஸ்ஸர் என்ற கருவியை எடுங்கள். நட்சத்திரச் சக்கர வகை மலிவானது. வைரமுனை வகை நேர்த்தியாக முடிக்கும். கருவி தாங்கும் பலகையில் ஊன்றி, மெல்லத் தொட்டு, ஓரத்திலிருந்து ஓரம் வரை சீராக நகர்த்துங்கள். கண்ணாடியும் முகமூடியும் கட்டாயம். கல் வீணாகிறதே என்று இதைத் தள்ளிப்போடுபவர்கள், கல்லைக் காப்பாற்றிக் கருவியைக் கெடுத்துக்கொள்கிறார்கள். முகம் பள்ளம் விழுந்தாலும், கிரைண்டர் அதிர்ந்தாலும் இதே வைத்தியம்தான்.

புதுக் கல் மாட்டும்போது மட்டும் அவசரமே கூடாது. பிளக்கைப் பிடுங்குங்கள். கல்லில் அச்சிட்ட உச்ச வேகம் உங்கள் கிரைண்டரின் வேகத்துக்குக் குறையக் கூடாது. கல்லின் துளைக்குள் விரலைவிட்டுத் தொங்கவைத்து, ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் லேசாகத் தட்டுங்கள். கணீரென்று ஒலித்தால் நல்ல கல். மந்தமாகக் கேட்டால் உள்ளே விரிசல் இருக்கலாம், மாட்டாதீர்கள். இரு பக்கமும் காகித வளையம் இருக்க வேண்டும். இடப்பக்க நட்டுக்கு மரை எதிர்த்திசை. கல் நழுவாத அளவுக்கு முறுக்கினால் போதும். தாங்கு பலகைக்கும் கல்லுக்கும் இடைவெளி 3 மில்லிமீட்டருக்கு மேல் போக வேண்டாம். கல் தேயத் தேய பலகையை முன்னே தள்ளுங்கள். பிறகு இயந்திரத்தை ஓடவிட்டு, கல்லின் நேர்முகத்தில் நிற்காமல், ஒரு நிமிடம் ஒதுங்கி நில்லுங்கள்.

விரிசல் கண்ட கல்லை மூலையில் போட்டுவைக்காதீர்கள். வீட்டில் வேறொருவர் அதை நல்ல கல் என்று நினைத்து மாட்டிவிடுவார். சாக்கில் சுற்றிச் சுத்தியலால் உடைத்து, அன்றே குப்பையில் சேர்த்துவிடுங்கள். வணக்கம்.