உடன் வந்தவள் காட்டிய ஊர்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம். விடுமுறையில் ஊர் சுற்றுவோரில் ஊரை முழுமையாகக் காண்பவர் தனியே செல்பவரா, நண்பரோடு செல்பவரா என்னும் தலைப்பில், நண்பரோடு செல்பவரே என்று வாதிட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் வலுவான வாதமொன்றை வைத்தார். தனியே செல்பவர் பிடித்த சிற்பத்தின் முன் ஒரு மணி நேரம்கூட நிற்கலாம், பசித்த வேளையில் உண்ணலாம், யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை என்றார். நண்பரோடு போனால் காத்திருக்க நேரும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், ஒரு சிற்பத்தின் முன் ஒரு மணி நேரம் நிற்க வேண்டுமானால், அதில் எதைப் பார்ப்பது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். 1851-இல் தொடங்கப்பட்ட எழும்பூர் அருங்காட்சியகத்திற்குப் பள்ளி நாள் முதல் எத்தனையோ முறை தனியே போயிருக்கிறேன். திருவாலங்காட்டு நடராசரையும் மற்றச் செப்புத் திருமேனிகளையும் கண்டு வியந்திருக்கிறேன். வியந்துவிட்டு அடுத்த கூடத்திற்கு நகர்ந்திருக்கிறேன். சென்ற மார்கழியில் கும்பகோணத்திலிருந்து என் கல்லூரித் தோழி விடுமுறைக்கு வந்தாள். அவளுடைய தாய்மாமன் சுவாமிமலைப் பட்டறையொன்றில் சிலை வார்ப்பவர். நான் வழக்கம்போல் நகர முற்பட்டபோது, "இருடி, முகத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகாதே, பீடத்தைப் பார்" என்று என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

குனிந்து பார்த்தேன். பீடத்தின் ஓரங்களில் துளைகள் இருந்தன. கம்புகளைச் செருகிக் கட்டித் தோளில் சுமப்பதற்காக அவை விடப்பட்டவை என்றும், இவை கருவறையில் நிலைகொள்ளாமல் வீதிக்கு எழுந்தருளி வந்த திருமேனிகள் என்றும் அவள் விளக்கினாள். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றியபின் உலோகத்தை ஊற்றுவார்கள் என்றும், மண்ணை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டியிருப்பதால் ஒரே அச்சில் இரண்டாவது சிலை பிறக்காது என்றும் சொன்னாள். கேட்கக் கேட்க எனக்கு மயிலாப்பூர் நினைவுக்கு வந்தது. பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாளில் கபாலீசுவரர் கோயில் மாட வீதிகளில் அறுபத்துமூவர் உலா வருவதைச் சிறு வயது முதல் பார்த்து வருகிறேன். அந்த வீதியையும் இந்தத் துளைகளையும் நான் ஒரு நாளும் சேர்த்துப் பார்த்ததில்லை. அவள் பட்டறையைச் சொன்னாள், நான் திருவிழாவைச் சொன்னேன்; எங்களில் ஒருத்தி மட்டும் வந்திருந்தால் அந்தச் சிலை பாதிதான் தெரிந்திருக்கும்.

உணவைப் பற்றி நீளப் பேசப் போவதில்லை. மார்கழிக் கச்சேரிகள் நடக்கும் சபாவின் கேண்டீனில் தனியாக உட்கார்ந்தால் அடை அவியலோடு வயிறு நிறைந்துவிடும். இருவராகப் போனதால் அடை அவியல், ரவா தோசை, கீரை வடை, அசோகா என்று நான்கையும் ஆளுக்குப் பாதியாக உண்டோம். அசோகாவைச் சொல்லச் சொன்னவள் அவள்தான். அது தஞ்சைப் பக்கத்து இனிப்பு.

இனி, எதிரணியினர் தமக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு நிகழ்ச்சியை நானே சொல்லிவிடுகிறேன். அன்று மாலைக் கச்சேரிக்கு நுழைவுச்சீட்டு வாங்கப் போனபோது ஒரே ஓர் இருக்கைதான் மிச்சம் இருந்தது. தனியே வந்திருந்தால் உள்ளே போயிருப்பேன். நீ போ என்று அவளும், நீ போ என்று நானும் சொல்லிக்கொண்டே வெளியே வந்து, அருகில் வேறொரு மன்றத்தில் இளம் கலைஞர் ஒருவர் அனுமதி இலவசமாகப் பாடிக்கொண்டிருந்த கச்சேரியில் போய் அமர்ந்தோம். பெரிய வித்வானின் கச்சேரியை இழந்தது இழப்புதான். அதை இல்லையென்று சொல்ல மாட்டேன்.

ஆனால், கூட்டமில்லாத அந்த அரங்கின் பின்வரிசையில் அவள் எனக்கு ஆதி தாளம் போடச் சொல்லிக் கொடுத்தாள். தொடையில் ஒரு தட்டு, பிறகு சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல்; அதன்பின் தட்டித் திருப்பு, மீண்டும் தட்டித் திருப்பு; ஆக எட்டு. நான் நடு விரலில் தடுமாறிய போதெல்லாம் என் கையை மெல்லத் தொட்டு அடுத்த தட்டில் சேர்த்துவிட்டாள். இத்தனை ஆண்டுகள் மார்கழிக் கச்சேரிகளில் அமர்ந்திருந்தும், மிருதங்கம் தனித்து வாசிக்கும் பகுதி முடிந்து பாடகர் பல்லவியை எடுக்கும் இடத்திற்கு நானும் சரியாக வந்து சேர்ந்தது அன்றுதான்.

அவள் ஊருக்குத் திரும்பிய மறுநாள், எதிரணித் தலைவர் விரும்புவதுபோலவே தனியாக ஒரு கச்சேரிக்குப் போனேன். நல்ல இருக்கை கிடைத்தது, யாருக்காகவும் காத்திருக்கவில்லை. பாட்டுத் தொடங்கியதும் என் கை தானாகத் தொடையில் தட்டத் தொடங்கியது. சிறிது நேரத்தில், சரியாகத்தான் போடுகிறேனா என்று கேட்பதற்காகப் பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்த்தேன்.

வாய்ப்புக்கு நன்றி, நடுவர் அவர்களே.