பெயர்த்து வைத்த வீடு

எல்லோருக்கும் வணக்கம்.

பழைய வீடுகளைப் புதுப்பிப்பது பற்றிப் பேசச் சொன்னீர்கள். பொத்தாம்பொதுவாகப் பேசுவதைவிட ஒரே ஒரு வீட்டை எடுத்துக்கொள்கிறேன்.

இலங்கையின் தென்மேற்குக் கரையில் பெந்தோட்டை. கடலிலிருந்து கொஞ்சம் உள்ளே போனால் தெத்துவ ஏரி, அதை ஒட்டி லுணுகங்கா தோட்டம். 1948இல் ஜெஃப்ரி பாவா அதை வாங்கியபோது அது கவனிப்பாரற்ற ரப்பர் தோட்டம், அவர் ஒரு வழக்கறிஞர். தோட்டத்தை மனதில் நினைத்தபடி ஆக்கக் கட்டடக்கலை தெரிந்தாக வேண்டும் என்று லண்டன் போய்ப் படித்து, 38 வயதில் கட்டடக் கலைஞரானார். 2003இல் இறக்கும் வரை அந்தத் தோட்டத்தைச் செதுக்கிக்கொண்டே இருந்தார். இன்று அங்கே விருந்தினர் தங்குகிறார்கள்.

நான் சொல்ல வந்தது, அந்தத் தோட்டத்துக்குள் பிற்பாடு குடிவந்த வீட்டைப் பற்றி. துணியில் மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் கலைஞர் ஈனா டி சில்வாவுக்காக 1960களின் தொடக்கத்தில் கொழும்பில் பாவா கட்டிய வீடு அது. சின்ன மனை. வெளியே தெருவுக்கு வெறும் சுவர்தான் தெரியும், உள்ளே போனால் பெரிய நடுமுற்றம், சுற்றிலும் திண்ணை, சரிவான ஓட்டுக்கூரை. வெளிநாட்டுச் சரக்கு கிடைக்காத காலம் என்பதால் உள்ளூர்க் கல், மரம், ஓடு. கண்ணாடி அநேகமாக இல்லை. அப்படியும் காற்று தாராளமாக வரும்!

2009இல் அந்த இடம் கைமாறியது, வீடு போய்விடும் என்ற நிலை. என்ன செய்தார்கள் தெரியுமா? அளவெடுத்து, வரைந்து, கழற்றிய ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, பிரித்து எடுத்துக்கொண்டுபோய் லுணுகங்காவில் மறுபடி நிறுத்தினார்கள். 2016இல் வேலை முடிந்தது. ஈனா அம்மையார் அதற்கு முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார்.

நினைவுச்சின்னத்தை அதன் இடத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்று பழம்பெரும் கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச நெறிமுறையான 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனம் சொல்கிறது, சரிதான், ஆனால் அதே சாசனம் காப்பாற்ற வேறு வழியே இல்லையென்றால் நகர்த்தலாம் என்றும் விட்டுக்கொடுக்கிறது. நெரிசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த வீடு இப்போது மரங்களுக்கு நடுவே நிற்கும்போது அந்த வெறும் சுவருக்கு அர்த்தம் குறைந்துபோனது உண்மை. இருந்தும் அவர்கள் செய்ததுதான் சரி என்பேன். முற்றம் பிழைத்தது, அதில் மனிதர்கள் நடமாடுகிறார்கள்.

அப்புறம் வசதி. சுடுநீரும் நல்ல குளியலறையும் இல்லாமல் இன்று யாரும் தங்க மாட்டார்கள், அதில் தப்பே இல்லை. ஆனால் கடலோரத்துப் பழைய வீடுகளில் அந்தச் சாக்கில் நடக்கிற ஒரு கொடுமையைச் சொல்லியாக வேண்டும்: சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்ட் பூசுவது. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் உள்ளேயே அடைத்துவிடும். ஈரத்தில் கரைந்த உப்பு போக வழியில்லாமல் பூச்சுக்குப் பின்னால் படிந்து, பழைய செங்கல்லைப் பொடியாக்கும். விரலால் தேய்த்தாலே உதிரும். மேலே எவ்வளவு பெயிண்ட் அடித்தாலும் பொரிந்து பொரிந்து விழும். குழாயையும் வயரையும் பழைய சுவரை வெட்டிப் புதைக்காமல், ஓரமாகத் தனித்தடுப்பு வைத்துக் கொண்டுபோங்கள். முற்றத்தை மூடி ஏசி போட்டுவிட்டு மரபு வீடு என்று பலகை மாட்டாதீர்கள், தயவுசெய்து.

இங்கே மாணவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். கொழும்பு வீட்டை நகர்த்த முடிந்ததற்கு முதல் காரணம் அதை முழுசாக அளந்து வரைந்து வைத்ததுதான். உங்கள் தெருவில் இன்னும் நிற்கிற பழைய வீட்டுக்காரரிடம் போய்க் கேளுங்கள், டேப்போடு ஒரு நாள் உள்ளே விடுவார்கள். நிலை, தூண், ஓட்டுச் சரிவு எல்லாவற்றையும் அளந்து தாளில் ஏற்றிவிடுங்கள்.