பட்டி பூசாத கார்

நேயர்களுக்கு வணக்கம். செட்டிநாட்டுப் பெரிய வீடுகளின் பின்கட்டை ஒட்டிய கார் ஷெட்டுகளில், பல ஆண்டுகளாக வெளியே எடுக்கப்படாமல் நிற்கும் பழைய கார்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அவற்றை வைத்திருப்பவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே: டிங்கரிங் பட்டறைக்கு அனுப்பும் முன், அந்தக் காரை ஒரு முழுப் பகல் பொறுமையாகப் பாருங்கள்.

புத்தம் புதிதாக்கித் தருகிறோம் என்று சொல்லிப் பட்டறைகளில் செய்வது பெரும்பாலும் ஒன்றுதான். தகடு தெரியும்வரை பழைய பெயிண்டைச் சுரண்டி, பட்டி பூசித் தேய்த்து, இக்காலப் பெயிண்டைக் கனமாக அடித்துப் பளபளக்க வைத்துவிடுகிறார்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவரின் மேல் பிளாஸ்டிக் பெயிண்ட் அடிக்க மனம் வராத நம்மவர்களே, அதே வீட்டில் நிற்கும் காருக்கு அதைத் தயங்காமல் செய்துவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

அக்காலக் கார்கள் பலவற்றுக்கு அடிக்கப்பட்டது செல்லுலோஸ் பெயிண்ட். மெல்லிய பூச்சுகளாக அடித்து, காய்ந்தபின் பாலிஷ் போட்டு மெருகேற்றுவார்கள். அதனால் பல ஆண்டுகள் துடைத்த காரில், பானெட்டின் விளிம்புகளிலும் கதவுக் கைப்பிடியைச் சுற்றியும் நிறம் மெலிந்து, அடியிலுள்ள பிரைமர் தெரியும். அது பழுதன்று, அந்தக் காரைத் துடைத்த கைகளின் தடம். எந்தப் பெயிண்டராலும் அதைத் திரும்ப வரவழைக்க முடியாது.

பானெட்டைத் திறந்தால் இன்னும் நுட்பமான செய்திகள் கிடைக்கும். இங்கிலாந்துக் கார் நிறுவனமான மோரிஸின் பழைய எஞ்சின்கள் சிலவற்றில் போல்ட்டின் தலைக்கு, அந்நாட்டின் பழைய அங்குல அளவுமுறையான விட்வொர்த் ஸ்பானர் சரியாகப் பொருந்தும். ஆனால் மரை மட்டும் மெட்ரிக் அளவில் இருக்கும். இங்கிலாந்து நகரமான காவென்ட்ரியில் அந்த எஞ்சின்களைச் செய்த தொழிற்சாலை, முன்பு பிரெஞ்சு நிறுவனமான ஹாட்ச்கிஸ்ஸுக்குச் சொந்தமானது. அங்கிருந்த இயந்திரங்கள் மெட்ரிக் மரையையே வெட்டின; இங்கிலாந்து மெக்கானிக்குகளின் கையில் இருந்ததோ விட்வொர்த் ஸ்பானர். இரண்டுக்கும் ஏற்றபடி செய்யப்பட்ட அந்தப் போல்ட்டைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, கடையில் கிடைக்கும் புதிய போல்ட்டை முறுக்கினால் எஞ்சின் ஓடத்தான் செய்யும். ஆனால் ஒரு தொழிற்சாலையின் வரலாறு அத்தோடு அந்தக் காரிலிருந்து போய்விடும்.

கண்ணாடிகளின் மூலையையும் பாருங்கள். டிரிப்ளெக்ஸ் என்ற கண்ணாடி நிறுவனப் பெயரின் எழுத்துகளின் அருகே இருக்கும் சிறு புள்ளிகள், அந்தக் கண்ணாடி செய்யப்பட்ட காலத்தைக் குறிப்பவை. மோரிஸ் மைனர் போன்ற கார்களில் முன் கதவுக்கும் பின் கதவுக்கும் இடையிலுள்ள தூணில், திரும்பும் திசையைக் காட்ட விளக்கோடு எழும்பும் கைகாட்டி உண்டு. மினுக்கும் இண்டிகேட்டர் வந்தபின் பலர் அந்தக் கைகாட்டி இருந்த பிளவை வெல்டு வைத்து மூடிவிட்டார்கள். உங்கள் காரில் அந்தக் கைகாட்டி இன்னும் எழும்புமானால், தயவுசெய்து அதைக் கழற்றிவிடாதீர்கள்.

அம்பாசடர் வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். மோரிஸ் ஆக்ஸ்போர்டின் மூன்றாம் வரிசையிலிருந்து பிறந்த அந்தக் கார், மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் 2014 வரை தயாரானது. உருவம் அதிகம் மாறாததால் ஒரு காலத்துக் கிரில்லையும் டேஷ்போர்டையும் இன்னொரு காலத்து வண்டியில் எளிதாக மாட்டிவிடலாம். டீசல் எஞ்சினுக்கு மாற்றியவையும் ஏராளம். அதனால்தான் ஸ்டீயரிங்கை ஒட்டிய கியரும், பழைய பெட்ரோல் எஞ்சினும், அசல் கிரில்லும் அப்படியே இருக்கும் அம்பாசடரின் முதல் வடிவமான ‘மார்க் ஒன்று’ காரைக் கண்டால், மேலே எவ்வளவு மங்கியிருந்தாலும், புதிதாகப் பெயிண்ட் அடித்த பத்து வண்டிகளைவிட அதையே நான் உயர்வாக மதிப்பேன்.

எதையும் தொடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. பிரேக் ஹோஸ்கள், வெடித்த டயர்கள், எலி கடித்த வயர்கள் ஆகியவற்றை மாற்றாமல் சாலைக்கு வருவது உயிரோடு விளையாடுவதாகும். மாற்றிய பொருளைத் தூக்கிப் போடாமல், எந்த இடத்திலிருந்து கழற்றியது என்று சீட்டுக் கட்டி ஒரு பெட்டியில் வையுங்கள். கிழிந்த இருக்கையைப் புதிய ரெக்சினால் மூடுவதற்குப் பதில், கிழிசலை மட்டும் அதே நிறத் துணியால் உள்ளிருந்து தாங்கித் தைக்கச் சொல்லுங்கள். நம் பக்கத்துத் தையற்காரர்களுக்கு அந்தக் கைவேலை நன்றாகவே வரும்.

சட்டமும் இதற்கு இடம் தருகிறது. 2021-ல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகள், முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்து, பெரிய மாற்றங்களுக்கு உட்படாமல் அசல் வடிவத்திலேயே பராமரிக்கப்படும் கார்களை விண்டேஜ் வாகனங்கள் என வகைப்படுத்துகின்றன. புதிதாகப் பதிவு செய்யும் கார்களுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், எண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் இடம்பெறும். ஏற்கெனவே பதிவான வண்டிகள் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆகவே ஆர்.சி. புத்தகத்தையும், தாத்தா காலத்து ரசீதுகள் இருந்தால் அவற்றையும் பெட்டகத்திலிருந்து தேடி எடுத்து, அதிலுள்ள எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் வண்டியில் உள்ளவற்றோடு ஒத்துப்போகின்றனவா என்று முதலில் சரிபாருங்கள். வணக்கம்.