ஊற்று ஓர் ஊரில், வரி இன்னோர் ஊரிலா? நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று இரண்டு நாளாக என்னை விடவே இல்லை. அய்யம்பேட்டையிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "அண்ணா, டெக்சாஸில் சான் ஆண்டோனியோ நகரத்து ஜனங்கள் ஊற்றைக் காப்பாற்ற வரி கட்டினார்கள் என்று போன வீடியோவில் சொன்னீர்கள். அந்த ஊற்று வேற ஊரில் இருக்கிறதே, இவர்கள் எதற்குக் கட்ட வேண்டும்?"

சரியான கேள்விம்மா. அங்கே பூமிக்கடியில் எட்வர்ட்ஸ் என்று சுண்ணாம்புப் பாறை நீர்ப்படுகை ஒன்று இருக்கிறது. மேற்கே மேட்டு நிலத்தில் பெய்யும் மழை பாறை இடுக்குகளில் இறங்குகிறது. நடுவில் சான் ஆண்டோனியோ போர்வெல் போட்டு இறைக்கிறது. மிச்சம்தான் சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி, நியூ பிரான்ஃபெல்ஸ் ஊரில் கோமல் ஊற்றாகப் பொங்குகிறது. கல்யாணப் பந்தி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். முதல் பந்தியில் கரண்டி தாராளமாக விழுந்தால் கடைசிப் பந்தி இலையில் என்ன விழும்? 1956 பஞ்சத்தில் கோமல் ஊற்று ஐந்து மாதம் போல அப்படியே நின்றுபோனது.

அப்புறமும் அவர்கள் உடனே திருந்திவிடவில்லை. ஊற்றில் வாழும் ஓர் அங்குல மீனுக்காக சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்று 1991-ல் வழக்கு போட்டது. அந்த நெருக்கடியில்தான் 1993-ல் சட்டம் வந்தது. யார் எவ்வளவு இறைக்கலாம் என்று வரம்பு வைக்க வட்டாரத்துக்கே ஓர் ஆணையம் வந்தது. 2000-ல் நகரத்து ஜனங்களே ஓட்டுப் போட்டு, நூறு டாலருக்குப் பொருள் வாங்கினால் பன்னிரண்டரை சென்ட் கூடுதல் வரி என்று ஏற்றுக்கொண்டார்கள். பிறகும் மூன்று முறை அதையே நீட்டித்தார்கள். அந்தப் பணத்தில், மழை இறங்கும் மேட்டு நிலத்துக்காரர்களிடம் 'இதை பிளாட் போடாதீர்கள்' என்று உரிமை வாங்கினார்கள். வறட்சி வரும்போல் இருந்தால் விவசாயிக்குப் பணம் கொடுத்து, ஒரு வருஷம் போர்வெல்லை நிறுத்திவைக்கச் சொல்லும் திட்டமும் உண்டு. பறிக்காமல், கொடுத்துக் கேட்கிறார்கள். எனக்குப் பிடித்தது இதுதான்.

என் பாட்டி ஊர் வெண்ணாற்றங்கரை. ஜனவரி 28-ல் மேட்டூரை மூடிய பிறகு ஆறு வெறும் மணலாகிவிடும். பங்குனி வெயிலில் பாட்டி குடத்தோடு நடு ஆற்றுக்குப் போய் முழங்கை ஆழம் மணலைத் தள்ளுவார். முதலில் ஈரம் கறுக்கும். பிறகு ஒரு பக்கம் மணல் சரிந்து சரிந்து விழ, அடியிலிருந்து கலங்கலாகத் தண்ணீர் ஊறும். கொட்டாங்கச்சியால் மூன்று தடவை கலங்கலை அள்ளி வெளியே ஊற்றிவிட்டு, நாலாவது தடவைதான் குடத்தில் விடுவார். "அவசரப்பட்டா ஊத்து கோவிச்சுக்கும்டா" என்பார். ஒரு குடம் நிறைய கால்மணி நேரம். போன சித்திரையில் அதே இடத்தில் இடுப்பளவு தோண்டிப் பார்த்தேன், ஈரம்கூடத் தட்டவில்லை. பாட்டி உட்கார்ந்த இடத்தில் மணலே பாதி இல்லை. களிமண் பல்லைக் காட்டுகிறது.

மணல்தானே நமக்குத் தொட்டி? கொள்ளிடம் மணலைப் பற்றிப் பேசினபோதே சொன்னேன், திரும்பவும் சொல்கிறேன். அந்த மணலில் கிணறு இறக்கித்தான் தஞ்சாவூர் குடிக்கிறது, வேதாரண்யம் வரைக்கும் குழாய் போகிறது. கும்பகோணத்தில் மகாமகக் குளத்துக்குள் இருபது தீர்த்தக் கிணறுகளை வைத்தவர்களுக்கு அடி நீரின் அருமை தெரிந்திருக்கிறது. இன்று அதே ஊர்களைச் சுற்றி வாய்க்காலுக்குச் சிமெண்டுத் தளம் போடுகிறோம். கடைமடைக்குத் தண்ணீர் சீக்கிரம் போகும், அது நியாயம். ஆனால் வழியில் கசிந்து கிணற்றுக்கு இறங்கியது நின்றுபோகிறதே, அதை யார் கணக்கில் வைத்தார்கள்?

தங்கை கேட்டது 'அவர்கள் ஏன் கட்டினார்கள்' என்று. இன்னொன்றையும் கேட்டிருக்கலாம் என்று தோன்றுகிறது: அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? சான் ஆண்டோனியோவில் ஜே-17 என்று ஒரு கிணறு. அதன் மட்டம் தினமும் செய்தியில் வரும். கடல் மட்டத்துக்கு மேலே 660 அடி என்பது அளவுக்கோடு; பத்து நாள் சராசரி அதற்குக் கீழே இறங்கினால், அனுமதித்த அளவில் ஐந்தில் ஒரு பங்கை இறைக்காமல் விட வேண்டும். இன்னும் இறங்கினால் இன்னும் வெட்டு. ஊரே ஒரு கிணற்றை எட்டிப் பார்க்கிறது! நமக்கு மேட்டூர் எத்தனை அடி என்று டீக்கடையில் கேட்டால் சின்னப் பையன்கூடச் சொல்வான். உங்கள் தெருக் கிணறு எத்தனை அடியில் இருக்கிறது என்று கேட்டால்? தமிழ்நாட்டில் நிலத்தடி நீருக்கென்று 2003-ல் ஒரு சட்டம் போட்டார்கள். 2013-ல் அதையும் ரத்து செய்துவிட்டார்கள்.

அதனால் ஒரு வேலை தருகிறேன். ஒரு கயிற்றில் கல்லைக் கட்டுங்கள், அடிக்கு ஒரு முடிச்சு போடுங்கள். வருகிற ஞாயிறு காலை, மோட்டார் போடுவதற்கு முன்னால், உங்கள் கிணற்றில் விட்டுப் பாருங்கள். பில்டர் பாயிண்ட் என்கிற குழாய்க் கிணறு வைத்திருப்பவர்கள், பக்கத்தில் திறந்த கிணறு இருந்தால் அதில் பாருங்கள். ஊர்ப் பெயரும் அடிக்கணக்கும் போதும், எழுதி அனுப்புங்கள். அடுத்த வாரம் திருவையாற்றிலிருந்து கடைமடை வரைக்கும் வரிசையாக வைத்துப் பேசலாம்.