முற்றுகைக்குள் ஒரு தலைநகரம்

(மட்டக்களப்பில் இளைஞர்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, பெரியவர்களே, இந்த மேசையைச் சுற்றி நிற்கிற தம்பிமாரே, தங்கச்சிமாரே, வணக்கம்.

மேசையில் விரித்திருக்கிற நகரம் பாரிஸ். ஆண்டு 1870. செப்டம்பர் 19ஆம் திகதி பிரஷ்யப் படை, அதாவது பிரான்சோடு போரிட்ட ஜெர்மானிய அரசின் படை, அதைச் சுற்றி வளைத்தது, அடுத்த வருடம் ஜனவரி 28ஆம் திகதி நகரம் பணிந்தது. உள்ளே இருந்தவர்கள் ஏறத்தாழ 20 இலட்சம் பேர். சுற்றிவர 33 கிலோமீட்டர் மதில், அதற்கு வெளியே 16 கோட்டைகள். பிள்ளைகள் இதையெல்லாம் அட்டையில் வெட்டி ஒட்டி, முறை வைத்து ஆடுகிற ஒரு விளையாட்டாகச் செய்திருக்கிறார்கள். ஒரு முறைக்கு ஒரு வாரம். 19 முறையில் ஆட்டம் முடிந்துவிடும். நகரத்தைக் காக்கிறவர் நீங்கள்.

முறை வைத்து ஆடுவது எங்களுக்குப் புதிது இல்லை. ஆடு புலி ஆட்டத்தில் 3 புலி, 15 ஆடு. ஆடு புலியை வெட்ட முடியாது, நகர இடம் இல்லாமல் அடைக்கத்தான் முடியும். புலிக்குப் போக வழியில்லை என்றால் ஆடு வென்றது. முற்றுகையின் கணக்கும் இதுதான்: அடிக்கத் தேவையில்லை, அடைத்தால் போதும்.

பாரிஸைச் சுற்றி நின்றவர்களுக்கும் ஒரு மேசை விளையாட்டு இருந்தது. 1824இல் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்ய இளம் அதிகாரி தன் தகப்பன் தொடக்கி வைத்ததைத் திருத்தி அதை வெளியிட்டார். படம், சிறு கட்டைகள், தாயக்கட்டை. ஒரு முறை என்றால் போர்க்களத்தின் 2 நிமிடம். அதில் நடுவர் ஒருவர் இருப்பார். எதிராளியின் கட்டை எங்கே நிற்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. உங்கள் ஆட்கள் மலையேறிப் பார்த்தால் என்ன தெரியுமோ, அதை மட்டும் நடுவர் சொல்வார். பாரிஸை முற்றுகையிட்ட பிரஷ்யத் தளபதி மோல்ட்கே இளமையிலேயே இந்த ஆட்டத்தில் பிரியம் கொண்டவர்.

போன வாரம் இந்த மேசையில் ஆடிய ஒரு தம்பி கேட்டார்: “சேர், எதிரிட படை எங்க நிக்குது எண்டு தெரியாம எப்பிடி விளையாடுற?” நல்ல கேள்வி. போனில் ஆடுகிற கேம்களில் எல்லாம் தெரியும். மேலே ஒரு வரியில் உணவு இவ்வளவு, காசு இவ்வளவு, சனத்தின் மனநிலை இவ்வளவு என்று இலக்கம் ஓடிக்கொண்டிருக்கும். முற்றுகைக்குள் இருந்த எந்த அரசுக்கும் அப்படி ஒரு வரி கிடைத்ததில்லை. இந்த மேசையிலும் எல்லாம் உடனே தெரிந்துவிடுகிறது. நான் காண்கிற பெரிய குறை அதுதான், அதைச் சொல்லத்தான் வந்தேன்.

பாரிஸிலிருந்து வெளியே செய்தி அனுப்ப இருந்த முக்கிய வழி பலூன். முற்றுகைக் காலத்தில் 60க்கும் மேற்பட்ட பலூன்கள் ஏறின. உள்துறை அமைச்சர் காம்பெத்தாவே அக்டோபர் 7ஆம் திகதி பலூனில் ஏறித்தான் வெளியே போனார், புதுப் படை திரட்ட. ஆனால் பலூன் போகும், வராது. காற்று எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். திரும்பி வர வேண்டிய செய்திக்குப் புறா. கடிதங்களைப் படம் பிடித்து, நகத்தளவுக்குச் சுருக்கி, மெல்லிய படச்சுருளில் ஏற்றி, புறாவின் வால் இறகில் கட்டிவிடுவார்கள். ஆயிரக்கணக்கான செய்தி ஒரு புறாவில் வரும். பாரிஸில் அதைச் சுவரில் பெரிதாக்கிக் காட்ட, எழுத்தர்கள் உட்கார்ந்து பிரதி எடுப்பார்கள். பருந்து பிடித்தால், பனி கொட்டினால், அவ்வளவுதான்.

நவம்பர் கடைசியில் ஜெனரல் துக்ரோ மதிலை விட்டு வெளியேறி ஒரு பெரிய தாக்குதல் நடத்த ஆயத்தமானார். வெளியே லுவார் ஆற்றுப் பக்கம் இருந்த பிரெஞ்சுப் படையான லுவார் படையும் அதே நேரத்தில் நகர வேண்டும். அந்தச் செய்தியோடு 24ஆம் திகதி இரவு ஒரு பலூன் ஏறியது. இரண்டு பேர் உள்ளே. இருட்டிலே காற்று அவர்களை வடக்கே இழுத்தது. விடிந்து பார்த்தால் கீழே கடல். ஏறத்தாழ 15 மணி நேரம் பறந்து, 1,200 கிலோமீட்டருக்கும் அப்பால் நோர்வேயில் ஒரு பனிமலையில் விழுந்தார்கள். உயிர் தப்பினார்கள். செய்தி சுற்றிவளைத்துக் காம்பெத்தாவிடம் போய்ச் சேர்ந்தபோது லுவார் படை ஆயத்தமாகப் போதிய நேரம் இல்லை. இங்கே மார்ன் ஆறு பெருகி துக்ரோவின் பாலவேலை ஒரு நாள் பிந்தியது, அந்த ஒரு நாளில் எதிரி விழித்துக்கொண்டான். உங்கள் மேசையில் இது நடக்காது. கட்டளை அட்டையை வைத்தவுடன் வெளியே இருக்கிற படை நகர்ந்துவிடுகிறது. ஒரு தாயக்கட்டை போடுங்கள், ஆறில் ஒன்றுக்கு நோர்வே என்று வையுங்கள்.

அப்புறம் சாப்பாடு. விலங்குக்காட்சிச் சாலையின் யானைகளை, காஸ்டரையும் பொலக்ஸையும், கொன்று தின்ற கதையை எல்லாரும் சொல்வார்கள். நீங்களும் அதற்கு ஒரு அட்டை செய்திருக்கிறீர்கள், படம் நன்றாக இருக்கிறது. ஆனால் அது பணக்காரர் மேசைக்குப் போன இறைச்சி. எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. முற்றுகைக்கு முன்பு அரசு சுமார் 40,000 மாடும் 250,000 செம்மறியும் நகரத்துக்குள் ஓட்டி வந்து கட்டியது. எல்லாம் இறைச்சிக்கு. பால்மாடு போதிய அளவு சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை. குளிர்காலத்தில் கைக்குழந்தைகள் என்ன பட்டிருக்கும்! பாணுக்கு அளவு வைப்பதையும் ஜனவரி வரை இழுத்தடித்தார்கள். வைத்தபோது வளர்ந்தவருக்கு நாளைக்கு 300 கிராம். நாங்கள் கடையில் வாங்குகிற ஒரு இறாத்தல் பாண் 450 கிராம், அதில் மூன்றில் இரண்டு பங்கு. முதல் முறையிலேயே அளவு வைத்தால் சனம் கத்தும், கடைசி முறையில் வைத்தால் மா இருக்காது. ஆட்டத்தின் உண்மையான சிக்கல் இந்த இடத்தில் இருக்கிறது, பீரங்கியில் இல்லை.

வரிசை எங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. 2022இல் கியூஆரோடு பெற்றோலுக்கு நின்றவர்கள்தானே எல்லாரும். அதற்கும் முந்தியதை இங்கே இருக்கிற பெரியவர்கள் அறிவார்கள். மண்முனைத் துறைக்குப் பாலம் வந்தது 2014இல். அதற்கு முன்பு பாதையில், அதாவது ஆள் ஏற்றும் மிதவையில், ஏறி வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைக்குப் போனவர்களுக்கு, யுத்த காலத்தில் கட்டுப்பாட்டில் இருந்த யூரியாவும் பற்றரியும் எரிபொருளும் என்ன பாடு படுத்தின என்று தெரியும். பற்றரி இல்லாமல் வடக்கில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டார்கள். அரிசி இல்லாத வீட்டிலும் செய்தி நேரத்துக்கு ஆள் கூடியது. புறாவுக்குக் காத்திருந்த பாரிஸ்காரனை நாங்கள் விளங்கிக்கொள்வது அதனால்தான்.

இன்னொன்று. உங்கள் விதிப்படி தோல்வி மதிலுக்கு வெளியே இருந்துதான் வரும். அக்டோபர் 31ஆம் திகதி என்ன நடந்தது தெரியுமா? பிரெஞ்சுப் படை அடைபட்டிருந்த மெட்ஸ் கோட்டை எதிரியிடம் பணிந்த செய்தி பரவியது. சனம் நகர மண்டபத்துக்குள் புகுந்து அமைச்சர்களை மணிக்கணக்காகப் பிடித்து வைத்தது. ஆளுநராக இருந்த ஜெனரல் திரொஷு பிரஷ்யனைப் பார்த்த அளவு தன் சனத்தையும் பார்த்துத்தான் திட்டம் போட வேண்டியிருந்தது.

ஆகவே ஆட்டத்தை ஜனவரி 28இல் நிறுத்தாதீர்கள். இன்னும் 7 முறை ஓட்டுங்கள், மார்ச் 18 வரும். பாரிஸ் சனம் தாங்களே காசு சேர்த்து வார்ப்பித்த பீரங்கிகளும் மொன்மார்த்ர் மேட்டில் நின்றன. அவற்றை எடுத்துப்போக அரசு விடியற்காலையில் சொந்தப் படையை அனுப்பியது. இழுத்துப்போகக் குதிரைகள் நேரத்துக்கு வரவில்லை, அதற்குள் சனம் எழும்பிவிட்டது. படை சனத்தோடு சேர்ந்தது, அரசு வெர்சாய்க்கு ஓடியது. அந்த 7 முறைக்கு விதி எழுதுவதுதான் உங்களுக்கு நான் தருகிற வேலை. சரி, நாற்காலிகளை இழுத்துப் போடுங்கள், நடுவராக நான் இருக்கிறேன்.