அடிபட்ட இடத்துல எதுக்கு ஓட்டை?

ஒரு நேயர் கேட்ட கேள்வி ரெண்டு நாளா மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. "முட்டியில குருத்தெலும்பு, அதான் எலும்பு நுனியை மூடியிருக்கற வழுவழுப்பான உறை, பேந்திருக்கு. சின்னத் துளை வழியா கேமரா விட்டுப் பண்ற நுண்துளை சர்ஜரியில எலும்புல ஓட்டை போடணும்கறாங்க. ஏற்கெனவே அடிபட்ட இடத்துல எதுக்கு ஓட்டை?"

வழக்கமா பாக்கறவங்களுக்கு இது மனப்பாடமே ஆகியிருக்கும்: குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. தோல்ல வெட்டுப்பட்டா ரத்தம் வந்து உறைஞ்சு ஆறிடுது. இங்க ரத்தமே வராது, அதனால தானா ஆறாது. ரத்தம் இருக்கறது கீழ, எலும்புக்குள்ள. அதை மேல வரவைக்கத்தான் ஓட்டை. வந்த ரத்தம் அங்கேயே கட்டியா உறைஞ்சு, அதுலேர்ந்துதான் புதுசு வளரணும். மைக்ரோஃபிராக்சர்னு பேரு.

ஓட்டையைவிட அதுக்கு முன்னாடி பண்ற சுத்தம்தான் பெரிய வேலை. தொங்கற ஓரத்தையெல்லாம் எடுத்து, பேந்த பள்ளத்தோட சுத்துச்சுவர் செங்குத்தா நிக்கணும். சரிவா விட்டா ரத்தக்கட்டி தங்காம வழுக்கிடும். அடியில சுண்ணாம்பு ஏறின ஒரு படலம் இருக்கும், அதையும் சுரண்டணும். விட்டா புதுசா வர்றது ஒட்டாது. ரொம்பச் சுரண்டினா எலும்பு மேல புடைச்சு வளரும். அப்புறம் வளைஞ்ச குத்தூசியால, 3, 4 மி.மீ. தள்ளித் தள்ளி, 2லேர்ந்து 4 மி.மீ. ஆழத்துக்குக் குத்தணும். நெருக்கிக் குத்தினா ரெண்டு ஓட்டையும் ஒண்ணாயி எலும்பு உடையும். கடைசியில, மூட்டுக்குள்ள ஓடற உப்புத்தண்ணியோட பிரஷரைக் குறைச்சுப் பாக்கணும். ஸ்கிரீன்ல கொழுப்புத் துளியும் ரத்தமும் கசியறது தெரியணும். கசியலையா, ஆழம் பத்தல.

ஆனா வளர்றது பழைய வழுவழுப்பான குருத்தெலும்பு இல்ல, நார் கலந்தது. பழசு அளவுக்கு உழைக்காது. அதனால சுமாரா 2 சதுர செ.மீ.க்குள்ள இருக்கற பள்ளத்துக்குத்தான் இது. பெரிசுன்னா செல்லை லேப்ல வளர்த்து வைக்கற முறை இருக்கு, அதுல பெரும்பாலும் ரெண்டு தடவை சர்ஜரி பண்ணணும். முட்டி முழுக்கத் தேய்ஞ்சவங்களுக்கு இது ரெண்டுமே சரிப்படாது.

நீங்க கேட்டிருக்க வேண்டியது வேற: "என் கால் நேரா இருக்கா?" கால் வில் மாதிரி வெளிய வளைஞ்சிருந்தா பாரமெல்லாம் முட்டியோட உள்பக்கம்தான் இறங்கும். பள்ளமும் அங்கேயே இருந்தா, எத்தனை ஓட்டை போட்டாலும் வளர்றது நசுங்கும். எலும்பை வெட்டிக் காலை நேராக்கறதையும் சேத்துதான் யோசிக்கணும். அதுக்கு நின்னபடி இடுப்புலேர்ந்து கணுக்கால் வரைக்கும் எக்ஸ்ரே வேணும். படுத்து எடுத்த எம்ஆர்ஐல அது பிடிபடாது.

அப்புறம், சர்ஜரி முடிஞ்சு வர்ற அந்த 6 வாரம். தொடையெலும்பு நுனியில செஞ்சிருந்தா ஊன்றுகோல்தான், கால் தரையைத் தொடலாம், பாரம் கூடாது. ஆனா மடக்கி நீட்டிக்கிட்டே இருக்கணும். முட்டிச்சில்லுக்குப் பின்னாடின்னா தலைகீழ்: பிரேஸ் போட்டுக் காலை நீட்டினபடி நடக்கலாம், மடக்கறதுக்குத்தான் கட்டுப்பாடு. உங்களுக்கு எந்த இடம்னு கேட்டு வச்சுக்குங்க.