மிட்ராண்ட் சகோதரி கேட்டது: எந்த ஹ்யூமிடிஃபையர் வாங்கலாம்?

வணக்கம். இன்றைக்கு மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்வதாக இருந்தேன். ஒன்றோடு நேரம் முடிந்துவிடும் போலிருக்கிறது. தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க் பக்கத்து மிட்ராண்டிலிருந்து ஒரு சகோதரி அனுப்பிய குரல் பதிவு இரண்டு நாளாக என்னை விடவில்லை.

அவர் சென்னையிலிருந்து இங்கே வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஜூன் பிறந்தால் போதும், ஐந்து வயதுப் பையனுக்குக் காலையில் மூக்கில் ரத்தம், தலையணை உறையில் கறை. கார் கதவைத் தொட்டால் கையில் சுரீர் என்கிறது. வீட்டுக்காரர், அறைக் காற்றில் ஈரம் ஏற்றுகிற கருவியான ஹ்யூமிடிஃபையர், அதிலும் அல்ட்ராசோனிக் வகை வாங்கலாம் என்கிறார். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார், "அண்டா நிறையத் தண்ணீர் பிடித்துக் கட்டிலுக்கு அடியில் வை, போதும்" என்கிறார். "அண்ணா, யார் சொல்வது சரி? எதை வாங்க?" இதுதான் கேள்வி.

வாங்குவது இருக்கட்டும் அம்மா. உங்கள் படுக்கையறையில் ஈரப்பதம் எத்தனை சதவீதம்? நீங்கள் சொல்லவில்லை, யாருமே சொல்வதில்லை. முதலில் அளவு, அப்புறம் கருவி. வழக்கமாகப் பார்ப்பவர்கள் இப்போதே சிரிப்பீர்கள், பரவாயில்லை.

எதற்கெடுத்தாலும் மிருதங்கத்துக்குப் போவேன் என்பதும் உங்களுக்குத் தெரியும். ஒரு ஜூலை மாதம் டர்பனிலிருந்து ஒரு மிருதங்கக்காரர் கச்சேரிக்கு வந்தார். ஆறு மணி நேரம் காரில், வான் ரீனன் கணவாய் ஏறி வந்து, இரவு என் வீட்டில் தங்கினார். டர்பன் கடற்கரை ஊர், அங்கே தோல் தொய்ந்து சுருதி இறங்கும். முந்தின நாள் அங்கே சரியாகச் சேர்த்து வைத்த மிருதங்கம். காலையில் உறையைக் கழற்றித் தட்டினால் 'ணங்' என்று எங்கேயோ நிற்கிறது. கல்லை எடுத்து விளிம்பைக் கீழிருந்து தட்டித் தட்டி இறக்கிக்கொண்டே இருந்தார். "என்ன ஐயா உங்கள் ஊர், காற்றா இது, அப்பளம் காயப்போடலாம்" என்றார். ஒரே ராத்திரியில் தோலில் இருந்த ஈரத்தை அறை உறிஞ்சிவிட்டது. அந்தத் தோலுக்கு நடந்ததுதான் பையனின் மூக்குக்குள் இருக்கும் மெல்லிய தோலுக்கும் நடக்கிறது.

ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மழையெல்லாம் கோடையில். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இங்கே குளிர்காலம், வானம் நீலமாக, வறட்சியாக இருக்கும். அதோடு ராத்திரி ஹீட்டரைப் போடுகிறோம். வெளியே 5 டிகிரிக் குளிரில் 50 சதவீத ஈரப்பதத்தோடு இருக்கிற காற்றை உள்ளே விட்டு 20 டிகிரிக்குச் சூடாக்கினால், ஈரப்பதம் 19 சதவீதத்துக்கு இறங்கிவிடும். காற்றிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூட எங்கும் போகவில்லை. சூடான காற்றால் அதிக ஈரத்தைத் தாங்க முடியும், அதனால் இருப்பது போதாமல் நம் உதட்டிலும் மூக்கிலும் கேட்டு வாங்குகிறது.

இடையில் ஒன்று. சிலிண்டர் கேஸ் ஹீட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாக அறைக்குள் வரும். ஆனால் ஈரத்துக்காக அதை ஏற்றாதீர்கள். மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் வாசனையே தெரியாமல் ஆளைக் கொல்லும். ஜன்னல் கொஞ்சம் திறந்திருக்க வேண்டும், தூங்கும்போது அணைத்துவிட வேண்டும்.

சரி, கருவிக்கு வருகிறேன். கடையில் மூன்று வகை கிடைக்கும். ஒன்று தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆவி விடுவது. நம் வீட்டில் சளிக்கு ஆவி பிடிப்போமே, அதேதான். கிருமிப் பயம் குறைவு. ஆனால் மின்சாரம் நிறையத் தின்னும், குழந்தை இழுத்துக் கவிழ்த்தால் வெந்துபோகும். உங்கள் வீட்டுக்கு வேண்டாம்.

இரண்டாவது, ஈரத் திரிக்கு நடுவே விசிறி காற்றை இழுத்துவிடுவது. வெட்டிவேர் தட்டியில் தண்ணீர் தெளித்து ஜன்னலில் கட்டுவார்களே, அதற்கு மோட்டார் வைத்தால் இதுதான். இதில் எனக்குப் பிடித்த குணம், அறையில் ஈரம் ஏற ஏற இதன் வேகம் தானாகக் குறையும். மழை நாளில் கொடியில் துணி காயாது இல்லையா, அதே காரணம். உப்பெல்லாம் திரியிலேயே தங்கிவிடும். திரி நாளடைவில் கருவாடு மாதிரி விறைத்துப்போகும், அப்போது மாற்ற வேண்டும். கொஞ்சம் இரைச்சலும் உண்டு.

மூன்றாவது உங்கள் வீட்டுக்காரர் சொல்கிற அல்ட்ராசோனிக். அடியில் ஒரு சின்னத் தகடு நொடிக்குப் பத்து லட்சம் தடவைக்கு மேல் அதிர்ந்து தண்ணீரைப் பொடிப்பொடியாக உதறும். சத்தமில்லை, மின்செலவு குறைவு, பார்க்கவும் அழகு. ஆனால் வெளியே வருவது ஆவி இல்லை, நுண்ணிய துளி. தண்ணீரில் என்ன இருக்கிறதோ அதுவும் சேர்ந்து வரும். என் முதல் கருவி இதுதான். விற்றவர் "கழுவவே வேண்டாம் சார்" என்றார், நானும் நம்பினேன். இரண்டாவது வாரம் டிவியின் கறுப்புத் திரையில் விரல் வைத்தால் கோலம் போடலாம், அவ்வளவு வெள்ளைப் பொடி. குழாய்த் தண்ணீரின் உப்பு அது. அதைத்தான் நாங்களும் மூச்சில் இழுத்துக்கொண்டிருந்தோம். அதற்குப்பின் தொட்டிக்குள் கையை விட்டேன். வழவழவென்று இளஞ்சிவப்பாக ஒரு படலம். அன்றைக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை.

அதோடு முடியவில்லை. எப்போதும் உச்சத்தில் ஓடவிட்டதில் அலமாரிக்குப் பின்னால் சுவரெல்லாம் கறுப்புப் பூஞ்சை. அதுவும் தெற்குச் சுவரில். இங்கே வெயில் படாத, குளிர்ந்த சுவர் தெற்குதான், நம்மூர்க் கணக்கு தலைகீழ். அளந்து பார்த்திருந்தால் 60 தாண்டியது தெரிந்திருக்கும். 60க்கு மேல் போனால் பூஞ்சைக்கும் தூசியில் வாழும் சிற்றுயிருக்கும் கொண்டாட்டம். 40க்கும் 50க்கும் நடுவில் நிறுத்துங்கள். காலையில் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்தால் அதையும் குறைக்க வேண்டும். முதலில் அளவு, அப்புறம் கருவி.

அல்ட்ராசோனிக்தான் வேண்டும் என்றால் காய்ச்சி வடித்த (டிஸ்டில்ட்) தண்ணீரோ உப்பு நீக்கிய தண்ணீரோ ஊற்றுங்கள். கொதிக்க வைத்து ஆறவைத்தால் போதுமா என்று போன தடவை ஒருவர் கேட்டிருந்தார். கிருமி சாகும், உப்பு போகாது. எந்த வகையானாலும் தினம் காலையில் மிச்சத் தண்ணீரைக் கொட்டித் துடைத்துக் காயவிடுங்கள். அன்றாடம் குடத்தைக் கழுவிக் கவிழ்ப்பது நமக்குப் புதிதா? மூன்று நாளைக்கு ஒருமுறை வெள்ளை வினிகரில் பாதி தண்ணீர் கலந்து அரை மணி ஊறவிட்டு, பழைய பல் துலக்கும் பிரஷால் மெதுவாகத் தேய்த்து, நன்றாக அலசுங்கள். அதிர்கிற தகட்டைக் கத்தியால் சுரண்டாதீர்கள். வினிகரையும் பிளீச்சையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், விஷவாயு வரும்.

தொட்டித் தண்ணீரில் வாசனை எண்ணெய், கிருமிநாசினி எதுவும் விடக்கூடாது. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். தென் கொரியாவில் ஹ்யூமிடிஃபையர் தண்ணீரில் கலப்பதற்கென்றே கிருமிநாசினி விற்றார்கள். 1994இலிருந்து கடைகளில் இருந்தது. 2011இல்தான் நுரையீரல் கெட்டுச் செத்தவர்களுக்கும் அதற்கும் தொடர்பு இருப்பது வெளிப்பட்டது. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் போனார்கள். தரையைத் துடைக்கும்போது பெரிதாகத் தீங்கு செய்யாத மருந்து, துளியாகி நுரையீரலுக்குள் போனபோது விஷமாகிவிட்டது.

இப்போது மாமியார். அவர் கணக்கை ஒதுக்கிவிடாதீர்கள். 12 சதுர மீட்டர் அறை, இரண்டரை மீட்டர் உயரம் என்றால் 30 கன மீட்டர் காற்று. 20 டிகிரியில் அதை 20 சதவீதத்திலிருந்து 45க்கு ஏற்ற எவ்வளவு தண்ணீர் வேண்டும் தெரியுமா? 130 மில்லி. ஒரு காபி டம்ளர்! ஆனால் கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு வழியாகக் காற்று மாறிக்கொண்டே இருப்பதால் ஒரு ராத்திரிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். அண்டாவில் பத்து லிட்டர் இருந்தாலும் குளிர்ந்த நீர் மேற்பரப்பிலிருந்து அவ்வளவு வேகமாகக் கிளம்பாது. அதே தண்ணீரில் இரண்டு குளியல் துண்டை நனைத்துச் சொட்டாமல் பிழிந்து, ஹீட்டரிலிருந்து தள்ளிக் கொடியில் விரித்துப் போடுங்கள், நல்ல வித்தியாசம் தெரியும். லோட் ஷெட்டிங் என்று கரண்ட் நிறுத்திய ராத்திரிகளில் எங்கள் வீட்டில் இதுதான் ஓடியது. அண்டாவைக் கட்டிலடியிலிருந்து எடுத்துவிடுங்கள், ஐந்து வயதுப் பையன் இருக்கிற வீடு.

பையன் மூக்குக்கும் ஒரு வார்த்தை. ரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து பிடிக்காதீர்கள். உட்கார வைத்து, கொஞ்சம் முன்னால் குனியச் சொல்லி, மூக்கின் மெத்தென்ற பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நிற்கவில்லை என்றாலோ, அடிக்கடி வந்தாலோ டாக்டரிடம் போய்விடுங்கள்.

அளக்கிற கருவி, ஹைக்ரோமீட்டர், தீப்பெட்டி அளவில் மலிவாகக் கிடைக்கிறது. 1783இல் சோசூர் என்ற சுவிஸ் அறிஞர் மனித முடியை வைத்தே ஒன்று செய்தார், ஈரத்தில் முடி நீளுமே, அதை வைத்து. வாங்கியதை அப்படியே நம்பாதீர்கள். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பு போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டு, ஈர மணல் பதத்துக்குக் குழைத்துக்கொள்ளுங்கள். கரைந்துவிடக் கூடாது. மூடியையும் ஹைக்ரோமீட்டரையும் ஜிப் வைத்த பையில் போட்டுக் காற்றுப் புகாமல் மூடி, அறைச் சூட்டில் ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் உங்கள் கருவி 5 குறைவாகக் காட்டுகிறது, அவ்வளவுதான், எப்போதும் 5 கூட்டிக்கொள்ளுங்கள்.

சகோதரி, அந்த எண்ணை எனக்கு அனுப்புங்கள். பையன் தூங்குகிற உயரத்தில் வைத்து, ராத்திரி ஹீட்டர் போட்ட பிறகு ஒன்று, காலையில் ஒன்று, மூன்று நாளைக்கு. 35க்குக் கீழேயே நின்றால் திரி வகையாக ஒன்று வாங்கலாம், எந்த அளவு என்று அப்போது சொல்கிறேன். துண்டிலேயே ஏறிவிட்டால் அந்தப் பணத்தில் பையனுக்கு ஒரு மிருதங்கம் வாங்கிக் கொடுங்கள், டர்பனில் நல்ல வாத்தியார் இருக்கிறார்.